2.3 கோடி டாலர் கக்கூஸ்: காசெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: விண்வெளி நிலையத்துக்கு நாசா அனுப்பிய டாய்லெட்டின் விலை 2.3 கோடி டாலராமே, தங்கத்திலா செய்தார்கள்? அங்கே எப்படித்தான் போகிறார்கள்? கெட்டுப்போனால் என்ன கதி? சிறுநீரைச் சுத்தம் செய்து குடிக்கிறார்கள் என்பது நிஜமா? ராக்கெட் கிளம்பும் நேரம் பார்த்து வந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

தங்கம் இல்லை, டைட்டானியம். ஏன் டைட்டானியம் என்பதற்குள்தான் பாதி பதில் இருக்கிறது. அதற்கு முன் சாமானைப் பார்த்துவிடலாம். 2020 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் உள்ள வாலப்ஸ் தளத்திலிருந்து அன்டாரஸ் ராக்கெட்டில் ஒரு சிக்னஸ் சரக்குக் கலம் கிளம்பியது. அந்தக் கலத்துக்கு வைத்த பெயர் கல்பனா சாவ்லா. அதில் போன மூட்டை முடிச்சுகளில் ஒன்று இந்தக் கழிவறை. எடை சுமார் 45 கிலோ, உயரம் 71 சென்டிமீட்டர். நிலையத்தில் ஏற்கெனவே இருந்ததைவிட 65 சதவீதம் சிறியது, 40 சதவீதம் இலகுவானது. 2.3 கோடி டாலர் என்பது கடையில் தொங்கும் விலைச்சீட்டு இல்லை. வருஷக்கணக்கில் வரைந்து, செய்து, சோதித்த செலவெல்லாம் சேர்ந்த தொகை. நிலாப் பயணத்துக்கான ஓரையன் கலத்துக்கும் இதே வடிவம்தான். இன்னொரு வேடிக்கை: 1993 ஜனவரியில் எண்டெவர் விண்ணோடத்தில் பறந்த மேம்படுத்திய கழிவறைக்கு ஆன செலவு 2.34 கோடி டாலர். 27 வருஷத்தில் விலை ஏறாத சாமான் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு என்று புரிய வேண்டுமானால், நம் வீட்டுக் கழிவறையில் நிஜமாக வேலை செய்வது யார் என்று பாருங்கள். பீங்கான் கோப்பை சும்மா உட்கார்ந்திருக்கிறது. உடம்பிலிருந்து பிரிவது கீழே விழுகிறது, தொட்டித் தண்ணீர் மேலிருந்து பாய்கிறது, வளைந்த குழாயில் கொஞ்சம் நீர் தேங்கி நாற்றத்தை அடைக்கிறது, மீதி செப்டிக் டேங்குக்குச் சரிகிறது. இத்தனையும் செய்வது புவியீர்ப்பு. சம்பளம் கேட்காத பிளம்பர்.

400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிலையமும், அதற்குள் இருக்கும் ஆளும், ஆளிடமிருந்து வெளியேறுவதும் ஒரே வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால், ஒன்றைவிட்டு ஒன்று கீழே போகாது. பிளம்பர் வேலைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் தாரையாகப் போகும், பட்ட இடத்தில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், தோலின் மேல் ஜெல்லி போலப் படரும். மலத்துக்கு உடம்பை விட்டுப் பிரிய ஒரு காரணமும் கிடையாது. பிளம்பர் செய்த ஒவ்வொரு வேலையையும் காற்றை வைத்துச் செய்ய வேண்டும். விண்வெளிக் கழிவறை என்பது அடிப்படையில் உட்கார இடம் வைத்த ஒரு வேக்குவம் கிளீனர்.

காற்றைக் கூப்பிடாமல் சமாளித்த காலமும் உண்டு. அப்பல்லோ கலங்களில் கழிவறையே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை, வாயைச் சுற்றி ஒட்டும் பட்டை. அதைப் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பையின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் உறை வைத்திருந்தார்கள். தானாகப் பிரியாததை விரலால்தான் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக. அதோடு முடியவில்லை. கிருமிநாசினிப் பொட்டலம் ஒன்றைப் பைக்குள் போட்டு, வாயை மூடி, சப்பாத்தி மாவு மாதிரி வெளியிலிருந்து பிசைய வேண்டும். பிசையாமல் விட்டால் பாக்டீரியா வாயுவைக் கிளப்பிப் பை வெடிக்கும். ஒரு தடவை போய்வர முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பேர் பார்க்க, கார் அளவு இடத்தில். 1969 மே மாதம் நிலாவைச் சுற்றித் திரும்பிய அப்பல்லோ 10 கலத்தின் ஒலிப்பதிவில் ஒரு பகுதி இருக்கிறது. காற்றில் ஒரு துண்டு மிதந்து வருகிறது, சீக்கிரம் ஒரு துடைக்கும் தாள் கொடு என்கிறார் டாம் ஸ்டாஃபோர்டு. என்னுடையது இல்லை என்கிறார் ஜான் யங். யூஜின் செர்னனும் கையை விரிக்கிறார். யாருடையது என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

இப்போது உள்ளதற்கு வருவோம். நிலையத்தின் டிராங்குவிலிட்டி என்ற அறையில், திரை மறைவில், டெலிபோன் பூத் அளவு இடம். மூடியைத் திறந்தவுடன் விசிறி தானாக ஓடத் தொடங்கும். இது புது மாடலில் வந்த வசதி, வாடை அறைக்குள் பரவுவதற்குள் உறிஞ்சிவிடும். முதலில் கால்களைத் தரையில் உள்ள பிடிகளில் செருகிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, நீங்கள் ஒரு பக்கமும் காரியம் மறு பக்கமும் கிளம்பும்.

சிறுநீருக்குத் தனிக் குழாய், அதன் நுனியில் ஒரு புனல். பெண்களுக்கு வசதியான வளைவோடு புனலை வடிவமைத்து, இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் முடிக்கிற மாதிரி இருக்கையோடு பொருத்தியது இந்த மாடலில்தான். பழையது பெரும்பாலும் ஆண்களை நினைத்துச் செய்தது. புனலை உடம்போடு அழுத்தி மூடிவிடக் கூடாது. உள்ளே போகக் காற்றுக்குச் சந்து வேண்டும், காற்றுதான் சிறுநீரை இழுத்துப் போகிறது. முடிந்ததும் உடனே நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் சொட்டுகள் அப்போதுதான் போய்ச் சேரும்.

இதில் உடம்பும் ஒரு தில்லுமுல்லு செய்யும். பூமியில் இருக்கும்போது சிறுநீர், சிறுநீர்ப்பையின் அடிப்பாகத்தில் கனமாக அழுத்துவதால் முன்கூட்டியே உணர்வு வருகிறது. எடையில்லாத இடத்தில் பை முழுக்க நிரம்பிச் சுவர் விரியும்வரை சத்தமே இருக்காது. ஆகவே வந்தால் போகலாம் என்று இருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் போய்விட்டு வரச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வேலை இன்னும் நுணுக்கமானது. இருக்கையின் துளை சின்னது. விண்ணோடக் காலத்தில் 4 அங்குலம்தான் இருந்தது. சின்னதாக இருந்தால்தான் உறிஞ்சும் காற்று வேகமாகப் போகும். அதனால் குறி முக்கியம். ஹூஸ்டனில் விண்ணோட வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரிக் கழிவறையில் இருக்கைக்கு அடியில் ஒரு கேமரா, எதிரே ஒரு டிவி. துளையின் மையமும் தன் மையமும் நேர்கோட்டில் வரும்வரை நகர்ந்து நகர்ந்து, தொடையின் எந்த இடம் இருக்கையின் எந்த ஓரத்தில் படுகிறது என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ராக்கெட் கலத்தை நிலையத்தோடு இணைக்கப் பயிற்சி எடுத்தவர்கள் இதையும் அதே சிரத்தையோடு எடுத்தார்கள்.

ஒவ்வொருவரும் போகும் முன் துளையில் ஒரு புதுப் பையைப் பொருத்துவார்கள். அந்தப் பை காற்றை விடும், உள்ளே விழுந்ததை விடாது. வேலை முடிந்ததும் அதை மூடிக் கீழே உள்ள உருளைக்குள் தள்ளிவிட்டு, அடுத்தவருக்கு வேறு பை போட்டுவிட்டு வர வேண்டும். துடைத்த தாளும் கையுறையும் தனிப் பையில் போகும். உருளை நிரம்ப நிரம்ப இடம் இறுகும். அப்போது ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கையால் அமுக்க வேண்டியதுதான் என்று பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார் பெக்கி விட்சன். விண்வெளியில் மற்ற எந்த அமெரிக்கரையும்விட அதிக நாள் கழித்தவர். நிறைந்த உருளைகளைக் காலியான சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அது வளிமண்டலத்தில் எரிந்து போகும்.

சரி, டைட்டானியம். குழாய் வழியாக வருவது சிறுநீர் மட்டும் இல்லை, சிறுநீரும் காற்றும் கலந்த ஒரு கலவை. கீழே என்றால் ஒரு வாளியில் விட்டால் போதும், நீர் அடியில் நிற்கும், காற்று மேலே போய்விடும். அங்கே இரண்டும் பிரியவே பிரியாது, சோடா நுரை மாதிரி கலந்தே கிடக்கும். இதைப் பிரிப்பதுதான் மொத்தக் கழிவறையின் உயிர்நாடி. கலவையை வேகமாகச் சுழலும் ஓர் உருளைக்குள் விடுகிறார்கள். வாஷிங் மெஷின் துணியைப் பிழிவது போல, கனமான நீர் சுவரோரம் ஒதுங்குகிறது, காற்று நடுவில் நிற்கிறது. நீரை ஒரு பக்கம் தொட்டிக்கு அனுப்பி, காற்றை வாடையும் கிருமியும் போக்கும் வடிகட்டி வழியாக மறுபடியும் அறைக்கே விடுகிறார்கள். ஆமாம், அறைக்கே. வெளியே விட்டால் மூச்சுக் காற்று குறைந்துகொண்டே போகும். பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சு விடுவது அதில்தான் என்பதால் அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தே ஆக வேண்டும்.

பிரித்த சிறுநீரை அப்படியே வைத்தால் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், உப்புகள் படிந்து குழாயை அடைக்கும். பல மாதம் கழுவாத பொதுக் கழிப்பிடத்தின் மஞ்சள் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க, சிறுநீர் உள்ளே நுழையும்போதே வலுவான அமிலமும் ஆறு இணைதிறன் குரோமியமும் கலந்த திரவத்தைச் சேர்க்கிறார்கள். ராணிப்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்த அதே வகைக் குரோமியம்தான். இந்தத் திரவத்தோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்த வேண்டிய, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டிய பாகத்தைச் சாதாரண உலோகத்தில் செய்ய முடியாது. அதனால் விசிறியையும் பிரிப்பானையும் ஒரே அமைப்பாக, முப்பரிமாண அச்சில் டைட்டானியத்தில் செய்தார்கள். காசு போன இடம் இது. இருக்கையில் இல்லை.

கெட்டுப்போன கதைகளைப் பார்த்தால், வரிசையாக இதே இடத்தைச் சுற்றித்தான் வரும். 2008 மே மாதம் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு கழிவறை, ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில். காற்றையும் நீரையும் பிரிக்கிற பம்பு நின்றுபோனது. திடக்கழிவுப் பகுதி ஓடியது, சிறுநீர்ப் பகுதி ஓடவில்லை. மூன்று பேர் கொஞ்ச நாள் சோயுஸ் கலத்தில் இருந்த குட்டிக் கழிவறையில் போனார்கள், பிறகு கையாலேயே தண்ணீர் விட்டுத் தள்ளி ஓட்டினார்கள். உதிரி பம்பை ரஷ்யாவிலிருந்து தூதரகப் பையில் அவசரமாகப் புளோரிடாவுக்குக் கொண்டுவந்து, மே 31 அன்று கிளம்பிய டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏற்றினார்கள். அந்தப் பயணத்தின் பெரிய சரக்கு ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடம். மேலே காத்திருந்தவர்கள் எந்தப் பெட்டியை முதலில் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே வருஷம் நவம்பரில் இரண்டாவது கழிவறை போய்ச் சேர்ந்தது. ஒன்றே ஒன்று என்று வைத்திருந்ததுதான் முதல் தப்பு என்பது என் எண்ணம். கல்யாண மண்டபம் கட்டுகிற எவரும் செய்யாத தப்பு.

1984-ல் நடந்தது வேறு மாதிரி. விண்ணோடங்களில் சிறுநீரைச் சேமிக்காமல் பக்கவாட்டில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே பீய்ச்சிவிடுவார்கள். வெற்றிடத்தில் அது சட்டென்று கொதித்து, மிச்சம் உறைந்து, பனித்தூளாகப் பறக்கும். சூரிய வெளிச்சம் படும்போது பார்க்க அத்தனை அழகு என்பார்கள் பார்த்தவர்கள். அந்த ஆகஸ்ட் இறுதியில் டிஸ்கவரியின் முதல் பயணத்தில் தூள் பறக்கவில்லை. துளை வாயிலேயே உறைந்து குச்சி ஐஸ் போல வளர்ந்தது. தரையிறங்கும்போது அது உடைந்து பின்னால் உள்ள எஞ்சின் பகுதியில் மோதினால் வெப்ப ஓடுகள் சேதமாகும். சூரியனைப் பார்க்கத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், முழுக்க உருகவில்லை. கடைசியில் தளபதி ஹாங்க் ஹார்ட்ஸ்ஃபீல்டு செயற்கைக்கோள்களைத் தூக்கச் செய்த கனடிய எந்திரக் கையை வளைத்து அதைத் தட்டிவிட்டார். மறுபடி உறைந்துவிடுமோ என்ற பயத்தில் மீதி நாளுக்குச் சிறுநீரை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. பரணில் கிடந்த அப்பல்லோ காலப் பைகள் திரும்ப வெளியே வந்தன.

2019 பிப்ரவரியில், இந்தப் புதுக் கழிவறைக்கு இடம் தயார் செய்து குழாயை மாற்றும்போது ஓர் இணைப்பு கழன்று ஒன்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியே வந்தது. அங்கே தண்ணீர் தரையில் வழிந்து ஓடாது. கழிவறையின் சுவரிலும் மூலையிலும் பந்து பந்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இருந்த துண்டையெல்லாம் எடுத்து ஒற்றினார்கள்.

எனக்குப் பிடித்த பழுது 2021-ல் நடந்தது, அதைக் கண்டுபிடித்த விதத்துக்காக. செப்டம்பரில் நான்கு தனியார் பயணிகள் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் 3 நாள் சுற்றிவிட்டு வந்தார்கள். இன்ஸ்பிரேஷன்4 என்று பெயர். திரும்பி வந்த கலத்தைப் பிரித்துப் பார்த்தபோது, சிறுநீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் ஒட்டுவிட்டுக் கழன்றிருந்தது. சிறுநீர் விசிறிக்குள் போய், விசிறி அதைக் கடமை தவறாமல் தரைத்தகட்டுக்கு அடியில் வீசியிருக்கிறது. மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் அது எங்கும் வழியவில்லை, சொட்டவில்லை. இப்போது சிக்கல்: அதே மாதிரியான இன்னொரு டிராகன் அந்த நேரம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் தரைத்தகட்டுக்கு அடியில் கேமராவை விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஈரம். சிறுநீரோடு கலந்த ஆக்ஸோன் என்ற ரசாயனம் அலுமினியத்தை அரிக்குமா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் நான்கு பேர் அதில்தான் வீடு திரும்ப வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் பொறியாளர்கள் கீழே அலுமினியத் துண்டுகளைச் சிறுநீரும் ஆக்ஸோனும் கலந்த ஈரத்தில் ஊறவைத்து, நிலையத்தின் ஈரப்பதத்தில் ஒரு பெட்டிக்குள் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். அரிப்பு பெரிதாகப் பரவவில்லை. கலம் பத்திரம், கழிவறைக்கு மட்டும் தடை. நவம்பர் 8 அன்று நான்கு பேரும் டயபர் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். கிளம்பும் முன் நிருபர்கள் கேட்டதற்கு, இது உகந்த நிலை இல்லைதான் என்று மேகன் மெக்ஆர்தர் நாகரிகமாகச் சொன்னார். அடுத்த கலத்தில் ஒட்டுக் குழாயே இல்லாமல், தொட்டியை ஒரே துண்டாகப் பற்றவைத்துவிட்டார்கள்.

குடிப்பது நிஜமா? நிஜம். மனம் ஒப்பவில்லை என்றால் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆளுக்குக் குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள என்று நாளுக்குச் சுமார் 3.8 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏழு பேர், 365 நாள் என்றால் கிட்டத்தட்ட 10 டன். கீழிருந்து லாரி போகாத ஊருக்கு ஒவ்வொரு குடத்தையும் ராக்கெட்டில்தான் அனுப்ப வேண்டும்.

சிறுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நம் ஊர் சாராயக் காய்ச்சலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆவியாக்கி, குளிர்வித்து, பிடிப்பது. ஆனால் எடையின்மையில் பானையில் வைத்துக் கொதிக்க வைக்க முடியாது. குமிழி மேலே வராது, மொத்தமும் நுரைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் பானையையே சுழற்றுகிறார்கள். சுழலும் உருளையின் உள்சுவரில் சிறுநீர் மெல்லிய படலமாகப் பரவும். உள்ளே அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவதால் அதிகம் சூடாக்காமலே ஆவியாகும். அந்த ஆவியை அழுத்தி உருளையின் வெளிச்சுவருக்கு அனுப்பினால் அங்கே தண்ணீராக மாறும், மாறும்போது விடும் வெப்பம் உள்சுவருக்கே திரும்பும். அதோடு, அறைக் காற்றிலிருந்து பிடித்த வேர்வையும் மூச்சு ஈரமும் சேரும். எல்லாம் வடிகட்டிகள் வழியாகப் போய், மிச்ச மாசை உயர் வெப்பத்தில் எரித்து, கிருமி வராமல் அயோடின் கலந்து, மின்கடத்தும் தன்மையை அளந்து பார்த்துத்தான் குடிநீர்க் குழாய்க்கு வரும். அளவு பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இன்று குடித்த காபிதான் நாளைய காபி என்று வீரர்களே கிண்டல் செய்வார்கள்.

இந்த இயந்திரம் 2008 நவம்பரில் போனது. 85 சதவீதத் தண்ணீரை மீட்கும் என்று கணக்கு. ஒரு வருஷத்துக்குள் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கீழே சோதித்தபோது இது வரவே இல்லை, ஏனென்றால் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தவர்கள் தரையில் நடந்துகொண்டிருந்தவர்கள். எடை தாங்கும் வேலை இல்லாத எலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தாதுச்சத்தை இழக்கிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. முன்பு கலந்த அமிலம் கந்தக அமிலம், அதில் சல்பேட். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம், அவ்வளவுதான். வீரர்களின் எலும்பே கரைந்து வந்து இயந்திரத்துக்குள் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. முதலில் மீட்பை 70, 75 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டினார்கள். கடைசித் துளிவரை வற்றவைத்தால்தானே உப்பு படியும். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். படிவு நின்றது, மீட்பு பழைய அளவுக்குத் திரும்பியது.

அதற்கு மேலும் மிஞ்சுவது கறுத்த, கெட்டியான ஓர் உப்புக் கரைசல். அதில் இருக்கும் தண்ணீரையும் விடக் கூடாது என்று 2021-ல் இன்னொரு கருவியை அனுப்பினார்கள். கரைசலைச் சிறப்புச் சவ்வுப் பைக்குள் வைத்து, வெதுவெதுப்பான உலர்ந்த காற்றை மேலே ஓட்டுவார்கள். நீராவி மட்டும் சவ்வைத் தாண்டி அறைக்கு வரும். அறை ஈரத்தைப் பிடிக்கும் கருவி அதைத் தண்ணீராக்கும். வற்றல் போடுகிற அதே சூத்திரம். இதற்குப் பிறகுதான், 93, 94 சதவீதமாக இருந்த மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டதாக 2023 ஜூனில் நாசா அறிவித்தது. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதை இன்னும் யாரும் தொடவில்லை. செவ்வாய்க்குப் போகிற காலத்தில் தொடுவார்கள்.

கடைசிக் கேள்வி, கிளம்பும் நேரம். கிளம்பும்போதும், இறங்கும்போதும், வெளியே ஆறு எட்டு மணி நேரம் விண்நடை போகும்போதும் அழுத்த உடையைக் கழற்ற முடியாது. உள்ளே டயபர்தான். குழந்தை டயபரில் உள்ள அதே சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி, சுமார் 2 லிட்டர்வரை தாங்கும். அதற்கு முன் ஆண்களுக்கு உறை மாதிரி மாட்டும் ரப்பர்க் குழாய் இருந்தது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. எல்லாருமே பெரியதைக் கேட்டு வாங்கியதால் ஒழுகிய கதையை வீரர்களே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். டயபரே நாள்கணக்கில் தாங்க வேண்டிய அவசரநிலைக்கு என்ன வழி என்று 2016-ல் நாசா ஒரு போட்டி வைத்தது. உடையைக் கழற்றாமல் 144 மணி நேரம் சமாளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பரிசு 15,000 டாலரை வாங்கியவர் தாட்சர் கார்டன் என்ற மருத்துவர். இடுப்புக்குக் கீழே காற்றுப்புகாத ஒரு சின்ன வாசல் வைத்து, அதன் வழியே பையையும் உள்ளாடையையும் மாற்றுவது அவர் யோசனை.

ஆலன் ஷெப்பர்டுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. 1961 மே 5, அமெரிக்காவின் முதல் மனிதப் பயணம். மொத்தமே 15 நிமிஷம்தானே என்று சிறுநீருக்கு ஏற்பாடே செய்யவில்லை. ஏவுதல் தள்ளித் தள்ளிப் போய், மல்லாந்து படுத்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியுமா? இறங்கவிட முடியாது, உடைக்குள் விட்டால் உடம்பில் ஒட்டிய மருத்துவ உணரிகள் மின்கசிவில் கெடும் என்று கட்டுப்பாட்டறை தயங்கியது. உணரிகளின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள் என்றார் அவரே. நிறுத்தினார்கள். முதுகுப் பக்கம் தேங்கியதைப் பஞ்சு உள்ளாடை உறிஞ்ச, உடைக்குள் ஓடிய ஆக்ஸிஜன் உலர்த்தியது.

மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 12 அன்று, யூரி ககாரின் இந்த விஷயத்தில் உஷாராக இருந்தார். ஏவுதளத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பின்பக்க வலது டயரில் முடித்துக்கொண்டு ஏறினார். அன்றிலிருந்து கஜகஸ்தானில் உள்ள அந்த பைக்கோனூர் ஏவுதளத்தில் கிளம்பும் வீரர்கள் அதே டயரில் சாஸ்திரத்துக்காவது நாலு சொட்டு விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பெண்கள் சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றுவதும் உண்டு. கசிவுச் சோதனை முடித்து இறுக்கிக் கட்டிய உடையை அதற்காக மறுபடி அவிழ்த்துக் கட்டுவார்கள். 2019-ல் காட்டிய, சோக்கோல் என்ற ரஷ்ய விண்வெளி உடையின் புதிய வடிவத்தில் அதற்கு வழி இல்லை என்று செய்தவர்கள் சொன்னபோது, ரஷ்யாவில் அது தனிச் செய்தியாகவே வந்தது.